சுற்றுலா, மாணவர் விசா: நாமே விண்ணப்பிப்பதா, ஏஜென்டிடம் கொடுப்பதா?

சுற்றுலாவுக்கும் படிப்புக்கும் விசா போடுவதென்றால் நாமே போடுவதுதான் நல்லது என்பது என் கட்சி. வேலை விசா, நிரந்தரக் குடியேற்றம் எல்லாம் வேறு கணக்கு. அவற்றை இங்கே இழுக்கவில்லை.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அரசுக் கட்டணம் இரண்டு வழியிலும் ஒன்றேதான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. அமெரிக்காவின் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்பான செவிஸுக்குக் கட்டணம் தனியாக 350 டாலர். ஏஜென்ட் வாங்குவது இதற்கு மேல். பணம் கொடுத்தாலும் கைரேகைக்கும் நேர்காணலுக்கும் நம் காலில்தான் போக வேண்டும். "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். விஎஃப்எஸ், டிஎல்எஸ், பிஎல்எஸ் போன்ற மையங்கள் ஃபைலை வாங்கி, கைரேகை எடுத்து, தூதரகத்துக்கு அனுப்புவதோடு சரி. முடிவு விசா அதிகாரியுடையது.

நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. படிவம் நிரப்புவது ஓரிரு மாலை வேலை. வாரக்கணக்கில் இழுப்பது ஆவணம் சேர்ப்பதுதான். வங்கி ஸ்டேட்மென்ட், வேலைக் கடிதம், மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் எந்த வழியிலும் நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

கணக்கு யார் கையில், பழி யார் தலையில்

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இதுதான். படிவத்தை யார் தட்டச்சு செய்தாலும் "இதில் உள்ளவை உண்மை" என்ற உறுதிமொழி விண்ணப்பதாரருடையது. அதில் பொய் இருந்தால் தண்டனையும் அவருக்கே. கனடாவில் தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 ஆண்டுத் தடை. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு 3 ஆண்டு. அடையாளத்தை மறைத்திருந்தால் 10. பிரிட்டனில் ஏமாற்று என்று பதிவானால் 10 ஆண்டு வரை போகும். அமெரிக்காவில் வேண்டுமென்றே முக்கியமான தகவலைத் திரித்தது உறுதியானால் ஆயுளுக்கும் தகுதியிழப்பு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டுத்தான் உள்ளே போக முடியும். "ஏஜென்ட் செய்தது எனக்குத் தெரியாது" என்ற வாதம் எளிதில் எடுபடாது. போலி ஆவணம் விண்ணப்பதாரருக்குத் தெரியாமலே போயிருந்தாலும் அந்த விண்ணப்பத்தை நிராகரிக்க பிரிட்டன் விதியில் இடமிருக்கிறது.

2023-இல் கனடாவில் வெளிவந்த விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். படித்து முடித்து, வேலைக்கும் போய், நிரந்தர வசிப்புரிமைக்கு மனு போட்ட பிறகுதான், விசா வாங்கக் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்று சில மாணவர்களுக்குத் தெரியவந்தது. கடிதத்தைக் கொடுத்தது ஏஜென்ட். நாடு கடத்தும் உத்தரவு வந்தது மாணவருக்கு. அதன் பிறகு 2023 டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் குடியேற்றத் துறை நேரடியாகக் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது.

போலிக் கடிதம் அளவுக்குப் போக வேண்டியதில்லை. சின்னத் தவறே போதும். ஏஜென்ட் அலுவலகத்தில் பழைய விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு பெயரையும் எண்ணையும் மாற்றி நிரப்புவது சகஜம். அதில் அடிக்கடி மாட்டுவது "இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி. கனடா, பிரிட்டன் படிவங்கள் எந்த நாட்டில் மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்லச் சொல்கின்றன. பழைய மறுப்பைச் சொல்லி, காரணத்தை விளக்கினால் அதைத் தாண்டிப் போகலாம். "இல்லை" என்று டிக் போட்டுவிட்டால் அது பொய்த் தகவலாகிவிடும். முதலாவது குறை, இரண்டாவது குற்றம்.

அடுத்தது மின்னஞ்சல். பல ஏஜென்ட்கள் தங்கள் மின்னஞ்சலிலேயே கணக்கு திறப்பார்கள், கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள். விசா அலுவலகம் கேட்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். கைரேகை கொடுக்கச் சொல்லிக் கனடா அனுப்பும் கடிதத்துக்குப் பொதுவாக 30 நாள் கெடு. பிரிட்டன் மாணவர் விசா வெளிநாட்டிலிருந்து போட்டு மறுக்கப்பட்டால், மறுபரிசீலனை கேட்க 28 நாள். கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவை அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் எதிர்க்க 60 நாள். ஏஜென்ட் அஞ்சலைப் பார்த்து, நமக்குச் சொல்லி, நாம் சுதாரிப்பதற்குள் கெடுவில் பாதி போய்விடும். மறுப்புக் கடிதத்தையே காட்டாமல் "மறுபடி போட்டுப் பார்க்கலாம்" என்று அடுத்த கட்டணம் கேட்பவர்களும் உண்டு. எதற்காக மறுத்தார்கள் என்று தெரியாமல் மறுபடி போடுவது அதே குழியில் மறுபடி விழுவதுதான்.

நாமே போட்டால் எங்கே சறுக்கும்

ஷெங்கனில் முதல் தவறு, எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாடு. நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் போட்டால், பயணத் திட்டமே காட்டிக்கொடுத்துவிடும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், திரும்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுவதையும் உள்ளடக்கி இருக்க வேண்டும். விமான முன்பதிவு, ஓட்டல், காப்பீடு, விடுப்புக் கடிதம் நான்கிலும் தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விடுப்பு 10 நாள், ஓட்டல் 12 நாள் என்று இருந்தால் அதிகாரியின் கண் அங்கேதான் நிற்கும்.

பிரிட்டன் மாணவர் விசாவில் சறுக்குவது பணக் கணக்கில். தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்; ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து 31 நாளுக்குள் இருக்க வேண்டும். கனடாவில் கியூபெக் தவிர்த்த மாகாணங்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் தனி மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 22,895 கனடிய டாலர். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதில் சேராது. எந்த நாடானாலும் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகைக்கு மூலம் காட்ட வேண்டும். நிலம் விற்ற பத்திரமோ, கடன் அனுமதிக் கடிதமோ கூடவே வையுங்கள். சில நாளுக்கு மட்டும் பணம் போட்டுக் காட்டித் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்காவின் இணைய விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தைத் திறந்தவுடன் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கைவைக்காவிட்டால் பக்கம் தானாக மூடிவிடும், சேமித்த வரைதான் மிஞ்சும். கடந்த 5 ஆண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கும். புகைப்படம் 2 அங்குலச் சதுரம், கண்ணாடி கூடாது. உறுதிப்படுத்தல் பக்கத்தில் உள்ள பார்கோடு எண்ணும் அப்பாயின்ட்மென்டில் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தைத் திருத்திப் புதிதாகச் சமர்ப்பித்துவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. நாமே நிரப்புவதில் இன்னொரு லாபம்: நேர்காணலில் அதிகாரி திரையில் பார்ப்பது நம் பதில்கள். எதை எழுதினோம் என்று தெரியாதவர் அங்கே தடுமாறுவார்.

ஏஜென்ட் பக்கம் நியாயம் இருக்கும் இடங்கள்

தாத்தா பாட்டி முதல் குழந்தை வரை ஆறேழு பேர் ஒன்றாகப் போகிறார்கள், செலவை இரண்டு மூன்று பேர் பிரித்து ஏற்கிறார்கள் என்றால் ஃபைல் அடுக்குவதற்கு அனுபவமுள்ள கை உதவும். குழுச் சுற்றுலாவில் நிறுவனமே விசாவையும் பார்த்துக்கொள்வது வசதிதான். ஏமாற்று, தங்கும் காலம் மீறியது போன்ற பழைய சிக்கல் இருந்தால் ஏஜென்ட் போதாது, அந்த நாட்டின் குடியேற்ற வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

மாணவர் கன்சல்டன்சிகள் தனி ரகம். "எங்களுக்குக் கட்டணமே இல்லை" என்பார்கள். சேர்க்கைக்கான கமிஷன் கல்லூரியிடமிருந்து வருகிறது. அதனால் அவர்கள் காட்டும் பட்டியல் கமிஷன் தரும் கல்லூரிகளின் பக்கம் சாய்வது இயல்பு. சேர்க்கைக்கு அவர்களைப் பயன்படுத்திக்கொண்டு, விசா படிவத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த நடுவழி இதுதான்.

ஏஜென்டிடமே கொடுப்பதென்றால், கனடாவில் பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் கையாள உரிமம் பெற்ற ஆலோசகர், வழக்கறிஞர் போன்ற அங்கீகாரம் பெற்றவர்களுக்குத்தான் அனுமதி. அவர் பெயர், நம் பிரதிநிதி யார் என்று சொல்லும் ஐஎம்எம் 5476 படிவத்தில் வர வேண்டும். ஆஸ்திரேலியா என்றால் குடியேற்ற ஏஜென்டின் பதிவு எண்ணையும், அதே போன்ற படிவமான 956-ஐயும் கேளுங்கள். இரண்டு நாடுகளிலும் உரிமமோ பதிவோ பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். டிஎஸ்-160-இன் கடைசியில் "நிரப்ப யாராவது உதவினார்களா?" என்ற கேள்வி உண்டு, அதில் தன் பெயரைப் போடத் தயங்குகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். கணக்கு நம் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். சமர்ப்பிக்கும் முன் முழுப் படிவத்தையும் இணைப்புகளையும் பிடிஎஃப்பாக வாங்கி, பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பழைய மறுப்பு, வேலை விவரம் என்று வரிவரியாகப் படித்துவிட்டு, அதன் பிறகே "அனுப்பலாம்" என்று சொல்லுங்கள்.