5,500 ரூபாய் கிடார், ஐந்து வருடம் கழித்து

2020 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரு கல்லூரி மாணவரிடம் இந்த எலெக்ட்ரிக் கிடாரை வாங்கினேன். ஃபெண்டர் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த ஸ்ட்ராடோகாஸ்டரைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் நகல் எடுக்கிறார்களே, அந்த ஜாதி. தலையில் இருக்கும் பெயரைச் சொன்னாலும் பலருக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன். 7,000 என்றுதான் ஆரம்பித்தார். டோன் குமிழைத் திருப்பினேன், கரகரவென்றது. "தூசிதாண்ணா, ஸ்பிரே அடிச்சா போயிடும்" என்றார். தூசி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிண்ணா, லாஸ்ட் அஞ்சரை."

வாங்கும்போது நான் உருப்படியாகப் பார்த்தது நெக்கை, அதாவது விரல் வைக்கும் நீளக் கழுத்தை மட்டும்தான். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன். முறுக்கம் இல்லை. அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்பியது. மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம், முறுக்கிக்கொண்ட நெக்கை ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்து ஆம்ப்பில் செருகினால் ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைய வேண்டும், குறையவில்லை. அதுதான் துப்பு. பின்மூடியைத் திறந்தால், ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டிலிருந்து கம்பிகளைத் தரை இணைப்போடு சேர்க்கும் கிரவுண்ட் வயர் கழன்று தொங்கியது. என் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு அந்தத் தகடு மசியவில்லை. தடிமனான இரும்பு, சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. மேற்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, 60 வாட் அயர்ன் ஒன்றை இரவல் வாங்கி வைத்ததும்தான் ஈயம் பிடித்தது.

இரைச்சல் குறைந்தது, புதுப் பிரச்சினை வந்தது. கம்பியில் கை வைத்தால் லேசாகச் சுர்ரென்றது. கிடாரில் ஏதோ தப்பாக இணைத்துவிட்டேன் என்று இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பிரித்தேன். கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தால், அந்த அறையின் பிளக்கில் எர்த் வயரே இல்லை. மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்! பழைய வீட்டில் இருப்பவர்கள் கிடாரைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள். இது சத்தத்தைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை, உயிரைப் பற்றியதும்கூட.

அடுத்து முன்பக்க மூடித் தகடான பிக்கார்டைக் கழற்றினேன். உள்ளே ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பல்லிளித்தன. பள்ளம் முழுக்கத் தாமிர டேப் ஒட்டி, இணைப்புகளில் ஈயம் வைத்து, மல்டிமீட்டரால் சோதித்தேன். டேப்பால் 'கிர்ர்' என்ற சத்தம் நன்றாகக் குறைந்தது. 'உம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல் போகவில்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருள் மட்டும் இருந்தால் (சிங்கிள் காயில்) அதன் பிறவிக் குணம் அது, டேப்புக்கு அடங்காது. நடு பிக்கப் தலைகீழாகச் சுற்றியதாக இருந்தால், இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் அதுவும் அமுங்கும். என்னுடையதில் அப்படி இல்லை.

கரகரத்த குமிழுக்குக் கீழே இருக்கும் பாட்களை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) வாங்க, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 250கே (இரண்டரை லட்சம் ஓம்) என்றதும் கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். எல்லாமே பி வகை. வால்யூமுக்கு ஏ வகைதான் சீராக ஏறி இறங்கும், பி என்றால் கடைசியில் ஒரேயடியாகக் குறையும். பிறகு ஆன்லைனில் பெரிய சைஸ் பாட் வாங்கினேன். அதன் கழுத்து 9.5 மில்லிமீட்டர், என் பிக்கார்டு ஓட்டை 8. உருண்டை அரத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இனி நட், அதாவது நெக்கின் மேல் நுனியில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சின்னத் தாங்கி. இந்தக் கிடாரில் மிக அதிக வித்தியாசம் தந்த வேலை இதுதான், செலவும் இதில்தான் குறைவு. நட்டுக்குப் பக்கத்திலேயே பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் எஃப் கார்டு பிடித்தால் சுருதி ஏறியே கேட்டது, நட்டில் கம்பி உயரமாக இருந்தது. மூன்றாவது ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியை அழுத்திப் பார்த்தால், முதல் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். எனக்கு விசிட்டிங் கார்டே நுழைந்தது. நட்டுக்கான அரம் விலை அதிகம். வெல்டிங் சாமான் கடையில் டிப் கிளீனர் என்று சின்னச் சின்னக் கம்பி அரங்கள் ஒரு செட்டாகக் கிடைக்கும், அதை வைத்தே ராவினேன். ஐந்து கம்பி சரியாக அமைந்தது. பி கம்பியில் மட்டும் ஆசை அதிகமாகி ஆழம் போய்விட்டது, திறந்த கம்பி ஜிவ்வென்று அதிர்ந்தது. அம்மாவிடம் ஆப்ப சோடா கேட்டேன். பள்ளத்தில் ஒரு சிட்டிகை, மேலே ஒரு சொட்டு பெவிக்விக். நொடியில் கல்லாகிவிடும். மறுபடி ராவினேன். ஐந்து வருடமாக அந்த ஆப்ப சோடாவின் மேல்தான் பி கம்பி உட்கார்ந்திருக்கிறது.

உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஸ்பிரிங்குகளில் மிதக்கவிடவில்லை. நான் கமகம் பழகுகிறவன், கம்பியை நன்றாக இழுப்பேன். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இழுத்தால் மற்றவை சுருதி இறங்கும், கூடவே ஒலிக்கும் ஸா பிசகும். தச்சரிடம் ஒரு தேக்குத் துண்டு வாங்கிப் பின்னால் அடைத்துவிட்டேன்.

பிக்கப் மாற்றியதைப் பற்றி மனசாட்சியோடு சொல்ல வேண்டும். 3,200 ரூபாய்க்குப் பழைய அல்நிகோ (ஒரு காந்த உலோகக் கலவை) பிக்கப் செட் ஒன்று கிடைத்தது. கிடாரோடு வந்த செராமிக் காந்தப் பிக்கப்பின் காது குடையும் கூர்மை குறைந்தது உண்மை. ஆனால் பிறகு ஒரு நண்பரின் கிடாரில் அதே மாதிரி செராமிக் பிக்கப்பை ஸ்க்ரூவைத் திருப்பிக் கொஞ்சம் கீழே இறக்கினேன். பாதி வித்தியாசம் அதிலேயே வந்துவிட்டது. எனக்கு முதலில் தெரிந்திருந்தால் அந்தப் பணத்துக்குக் கம்பிதான் வாங்கியிருப்பேன். நான் இருப்பது திருவான்மியூர், உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி மூன்று வாரத்தில் சொரசொரவென்று ஆகிவிடும். கோட்டிங் உள்ளது மூன்று மாதம் தாங்குகிறது.

மொத்தச் செலவு, கிடாரையும் சேர்த்து, பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கம். விற்றால் ஐந்துகூடத் தேறாது. இப்போது இரண்டாம், மூன்றாம் ஃபிரெட்களில் பள்ளம் விழுந்திருக்கிறது, இழுக்கும்போது கம்பி சிக்குகிறது. எல்லா ஃபிரெட்டையும் மாற்ற 6,000 கேட்கிறார்கள், நான் கிடார் வாங்கிய விலையைவிட அதிகம். அந்த இரண்டை மட்டும் மாற்றித் தருகிறவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.