காட்டுப்பூண்டு நடை: முதல் பாதிக்காகப் போகலாம்

இங்கிலாந்தில் மார்ச் வந்துவிட்டால் போதும், காட்டுப்பூண்டு (wild garlic, பூண்டு வாசனையோடு தானாக முளைக்கும், இலையைச் சாப்பிடுகிற செடி) பறிக்கக் கற்றுத்தருகிறோம் என்று ஆளாளுக்கு நடை கூட்டிப்போக ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒன்றுக்குப் போய் வந்தேன். செடியை அடையாளம் காட்டிய பகுதிக்குக் கொடுத்த காசு தகும், சமையலுக்குத் தகாது.

ஓடையோரம் முழுக்க ஒரே பச்சை, வாசனை மூக்கைத் துளைக்கிறது. வாசனை இருக்கிறதே, அப்புறம் என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வழிகாட்டியாக வந்த பெண்மணி முதலில் அந்த நினைப்பில்தான் கைவைத்தார்: நாலு இலையைக் கசக்கினால் விரலே பூண்டு நாறும், அதற்கப்புறம் எந்த விஷ இலையை முகர்ந்தாலும் பூண்டுதான். அதனால் கொத்தாக அள்ளாமல் ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். இதே மாதிரி இலையுள்ள விஷச்செடியான லில்லி ஆஃப் த வேலியை ஒரு தொட்டியிலேயே கொண்டுவந்திருந்தார். அதில் ஒரே தண்டிலிருந்து இரண்டு மூன்று இலை கிளம்பும், காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலைக்கும் தரையிலிருந்தே தனிக்காம்பு. மாறிச் சாப்பிட்டால் இதயத்தையே பாதிக்கும். பூத்துவிட்டால் குழப்பமில்லை, காட்டுப்பூண்டுக்கு ஆறிதழ் வெள்ளை நட்சத்திரம், லில்லிக்குத் தொங்கும் மணி.

எனக்கு உண்மையில் பயம் வந்தது லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்கிற இன்னொரு விஷச்செடியைப் பார்த்தபோதுதான். அது பூண்டுக் கூட்டத்துக்கு நடுவிலேயே முளைக்கிறது, இளசாக இருக்கும்போது அம்பு வடிவமும் சரியாகத் தெரியாது. இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார்: பூண்டிலையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன, இதில் வலை மாதிரிப் பின்னி, ஓரத்தை ஒட்டி ஒரு கோடு சுற்றி வருகிறது. சேனைக்கிழங்கின் குடும்பம்தான், அரிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாயும் தொண்டையும் வீங்கிவிடும்.

இலை பறிப்பது வீட்டு உபயோகத்துக்கு என்றால் பரவாயில்லை. நில உரிமையாளரைக் கேட்காமல் வேரோடு பிடுங்கினால் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதையும் தெளிவாகச் சொன்னார்கள்.

சமையல்தான் சொதப்பல். சூப்பில் இலையை ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டதில் மணமெல்லாம் ஆவியோடு போய், வெறும் கீரைத் தண்ணீர்தான் மிச்சம். அடுப்பை அணைக்கிற நேரத்தில் நறுக்கிப் போட வேண்டிய இலை அது! விரியாத மொட்டுகளை வினிகரில் ஊறவைத்துக் கொடுத்தது மட்டும் அருமை, காரமும் புளிப்புமாகப் பல்லில் நறுக்கென்று கடிபட்டது.

போவதென்றால் இலை இளசாக இருக்கும் மார்ச் மாத நடைக்கே பதிவு செய்யுங்கள், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.