இறால் இருக்கும் தொட்டிக்குப் பவளம்: மருந்துக் குளியலா, தனித்தொட்டியா?

என் தொட்டியில் இப்போது இரண்டு கிளீனர் இறால்கள் இருக்கின்றன. சிவப்பு முதுகின் நடுவே வெள்ளைக்கோடு, தலையில் நீண்ட வெள்ளை மீசை. கையைத் தண்ணீரில் விட்டால் ஓடி வந்து நகக்கண்ணைக் கிளறும். இது இரண்டாவது சோடி. முதல் சோடி செத்தது, நான் ஒரு பவளத்துண்டை உள்ளே வைத்த அன்று இரவு. காலையில் பார்த்தபோது ஒன்று மணலில் சாய்ந்து கிடந்தது, கால்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. மற்றது கல்லுக்கு அடியில். கூடவே சங்கு நண்டுகளும் போய்விட்டன. மீன்களுக்கும் நத்தைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கணக்கே காரணத்தைச் சொல்லிவிட்டது. தண்ணீரில் செம்பு கலந்திருந்தால் நத்தையும் சேர்ந்து போயிருக்கும். மீனும் நத்தையும் பிழைத்து, இறாலும் நண்டும் மட்டும் சாகிறதென்றால் முதலில் பூச்சிகொல்லியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பவளத்தில் வரும் பூச்சிகளைக் கொல்ல நான் பயன்படுத்திய கரைசல் வயலுக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் வகை. ஒரே ஒரு தடவை அலசிவிட்டு உள்ளே வைத்தேன். பூச்சியும் இறாலும் கணுக்காலிகள், ஒரே வம்சம். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

அதற்குப் பிறகு வழியை மாற்றிக்கொண்டேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். ஒரு வழி, பவளம் வந்த அன்றே மருந்துக் குளியல் கொடுத்து நேரே பெரிய தொட்டியில் வைப்பது. மற்றது, மீனும் இறாலும் இல்லாத ஒரு சிறிய தனித்தொட்டியில் சில வாரம் வைத்திருந்து பிறகு மாற்றுவது. நான் இரண்டாவது பக்கம்.

அதற்கு முன் ஒன்று. உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். எங்கள் திருகோணமலைப் பக்கம், 2003இலிருந்து தேசியப் பூங்காவாக இருக்கும் புறாத்தீவில் மட்டுமல்ல, எந்த முருகைக் கற்பாறையிலும் கை வைக்கக்கூடாது. நான் பேசுவது தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகளைப் பற்றி. எனக்கு அவை கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பொதியாக வருகின்றன.

மருந்துக் குளியலின் நல்ல பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்து நிமிட வேலை, இடம் தேவையில்லை, செலவு குறைவு. நடமாடும் தட்டைப்புழுக்களும் சிறு பூச்சிகளும் கண் முன்னாலேயே உதிரும். ஆனால் எல்லா டிப்பும், அதாவது குளியல் மருந்தும், ஒன்றல்ல. பாமசியில் வாங்கும் பொவிடோன் அயடின் இறாலுக்கு ஆபத்துக் குறைந்தது, அதே அளவுக்குப் பூச்சிக்கும் மென்மையானது. அதை ஒரு கிருமிநாசினி என்று நினைத்துப் பயன்படுத்தினால் ஏமாற்றம் இல்லை. பொட்டாசியம் குளோரைட் கரைசலில் பூச்சிகள் மரத்துப்போய் விழும். அதை நான் இரண்டு தடவைதான் பாவித்திருக்கிறேன், எனவே அடித்துச் சொல்லமாட்டேன். எண்ணெய் வாசனையுடன் போத்தலில் வருபவை வேகமானவை, ஆனால் நன்றாக அலச வேண்டும். பூச்சிகொல்லி வகையை, இறால் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம் என்பது என் முடிவு.

பலரும் எந்த மருந்து வலிமையானது என்றுதான் கேட்கிறார்கள். இறால் வளர்ப்பவர் கேட்க வேண்டியது, பவளத்தோடு சேர்ந்து தொட்டிக்குள் என்ன போகிறது என்பதை. பவளத்துண்டு ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய அடிக்கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழுக்க நுண்துளை. டிப் கரைசலில் முக்கினால் அது பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மேற்பரப்புத்தான் சுத்தமாகும். உள்ளே தங்கியது தொட்டிக்குள் போன பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். எனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மருந்து தங்குவது ஒரு புறம். மருந்துக்குத் தப்புவது இன்னொரு புறம். மொட்டு மொட்டாகக் கூட்டமாய் வளரும் சோவாந்திட் பவளங்களைத் தின்னும் ஓடில்லா நத்தை ஒன்று உண்டு. தின்ற பவளத்தின் நிறத்தையே அதுவும் எடுத்துக்கொள்ளும், பகலில் பார்த்தால் இன்னொரு மொட்டு மாதிரித் தெரியும். அதன் முட்டைகள் அடிக்கட்டையின் கீழ்ப்புறத்தில் வெள்ளைச் சுருளாக ஒட்டியிருக்கும். எந்த டிப்பும் அந்த முட்டையை நம்பகமாகக் கொல்வதில்லை. குளிப்பாட்டி வைத்த பவளத்தில் சில நாள் கழித்துக் குஞ்சு பொரிக்கும், அப்போது அது உங்கள் பெரிய தொட்டிக்குள். தனித்தொட்டியில் என்றால் இரவில் டோர்ச் அடித்து, துண்டைத் திருப்பி, அந்தச் சுருளைப் பிளேட்டால் சுரண்டி எடுத்துவிடலாம். போன மாதம் வந்த துண்டில் முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் இரவுதான் முதல் நத்தை அகப்பட்டது.

வெள்ளைப்புள்ளி நோயும் இதே கதைதான். மீனில் வாழும் அந்த ஒட்டுண்ணி, ஒரு கட்டத்தில் மீனை விட்டு இறங்கிக் கல்லிலோ பவளத்தின் அடியிலோ கூடாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்கு டிப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பிறகு மீனில் புள்ளி வரும். புள்ளியைக் கண்டதும் யாராவது செம்பு மருந்து ஊற்றச் சொல்வார்கள். செம்பு தொட்டிக்குள் போனால் இறாலும் இல்லை, பவளமும் இல்லை. கல்லும் மணலும் அதை உறிஞ்சிவைத்துப் பின்னர் கசியவிடும். மீன் இல்லாத தனித்தொட்டியில் அந்த ஒட்டுண்ணிக்கு ஏற இடமில்லை, தானாகவே முடிந்துவிடும். எத்தனை நாள் என்பதில் பலர் 76 என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். நம் வெப்பத்தில் 27, 28 பாகையில் அதன் சுழற்சி வேகமாக ஓடும் என்பதால் நான் எட்டு வாரம் வைக்கிறேன். இதுவரை பிரச்சினை இல்லை. என் அனுபவம் ஏழு எட்டுத் துண்டுகளோடு நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனித்தொட்டி என்றதும் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். ஓர் அடி நீளம், அகலம், உயரம், சுமார் 27 லீட்டர். ஒரு சின்னப் பம்ப், ஒரு விளக்கு, பெரிய தொட்டியிலிருந்து எடுத்த ஒரு கல். வாரத்துக்கு ஒருமுறை 5 லீட்டர் தண்ணீர் மாற்றம். திருகோணமலையில் இருப்பவருக்கு இதில் ஒரு பெரிய வசதி, கடல் தண்ணீர் காசில்லாமல் கிடைப்பது. எங்கே எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். நான் உப்புவெளிப் பக்கம் அதிகாலையில் எடுக்கிறேன். உட்துறைமுகத்துத் தண்ணீரை எடுப்பதில்லை. கப்பல்களின் அடிப்புறத்துக்குப் பூசும் பாசித் தடுப்புப் பெயின்ட்களில் செம்பு இருக்கிறது. கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழுகிறது, அந்தப் பக்கம் உப்பு குறையும். வாடைக்காலத்தில் உப்புவெளியிலும் நம்ப முடியாது. மார்கழியில் ஒருநாள் எடுத்த தண்ணீர் உப்புமானியில் 32 காட்டியது, எனக்குத் தேவை 35. இறாலுக்கு உப்பு திடீரென்று மாறுவது ஆகவே ஆகாது, கோதை, அதாவது மேலோட்டை, கழற்றும்போது பாதியில் சிக்கிச் செத்துப்போகும். அதனால் அந்த மாதங்களுக்கு மட்டும் ஒரு பை செயற்கை உப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

இதில் குறையும் உண்டு. கச்சான் காலத்தில் 27 லீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் கவனிக்காவிட்டால் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிடும். காலையும் மாலையும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி மட்டம் பிடிக்க வேண்டும். மென்பவளங்களும் சோவாந்திட்களும் இதைத் தாங்கிக்கொண்டன. அக்ரோபோரா போன்ற கல்பவளம் ஒன்றை வைத்துப் பார்த்தேன், மூன்றாம் வாரம் வெளிறியது. அந்த வகைக்கு இன்னும் பெரிய தனித்தொட்டி வேண்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெங்குக் காலத்தில் வீதியில் புகை அடிக்க வந்தால் ஏர் பம்பை நிறுத்தி, இரண்டு தொட்டிகளையும் மூடிவிடுங்கள். அந்த மருந்துகள் பொதுவாகப் பைரித்ராய்டு வகை, இறாலுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றை நேரே தண்ணீருக்குள் தள்ளும்.

பவளம் பெரிய தொட்டிக்கு வந்த பிறகு வரும் சில்லறைத் தொல்லைகளில் முக்கியமானது திருட்டு. பவளத்துக்குக் கொடுத்த உணவை இறால் பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கும். முதலில் இறாலுக்குக் கொடுங்கள், பிறகு பவளத்துக்கு. அப்புறம், பவளத்துக்காகக் காரத்தன்மையை ஏற்றத் தொடங்கினால் மெல்ல ஏற்றுங்கள். கோது கழற்ற அயடின் ஊற்ற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஊற்றுவதில்லை, தண்ணீர் மாற்றுவதே போதுமாக இருக்கிறது.

வீட்டில் இன்னொரு தொட்டிக்கு இடமே இல்லை என்றால் அயடின் வழியைப் பாருங்கள். சவர்க்காரம் சேர்ந்த ஸ்க்ரப் வகையை வாங்கிவிடாதீர்கள், சாதாரணக் கரைசல் போதும். கடல் தண்ணீரில் இளந்தேநீர் நிறம் வரும் வரை கலந்து, பத்து நிமிடம் வையுங்கள். முடிந்தால் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுங்கள், முட்டையும் மருந்தும் அதோடு போய்விடும். பிறகு மூன்று வாளி சுத்தமான கடல் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் ஆட்டி ஆட்டி அலசுங்கள். பையில் வந்த தண்ணீரில் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. அன்று இரவு ஃபில்டரில் தொட்டிகளுக்கென்று விற்கும் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) போட்டு வையுங்கள்.

மறுநாள் காலை அடியில் வெற்றுக்கோது ஒன்று கிடந்தால் பதற வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல ஊடே தெரியும், முதுகுப்பக்கம் திறந்திருக்கும். இறால் கல்லுக்குப் பின்னால் ஓரிரு நாள் ஒளிந்திருந்து கோது இறுகிய பிறகு வரும். அந்த நாட்களில் புதிதாக எதையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.