டைல்ஸா, பெயின்ட்டா, கைப்பிடியா? பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காகப் பள்ளியில் எதை முதலில் செய்வது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பள்ளிக் கட்டடமும் வளாகமும் எல்லா மாணவருக்கும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. உடனே பல பள்ளிகளில் நடப்பது, கேட்டிலிருந்து வகுப்பறை வரை மஞ்சள் டேக்டைல் டைல்ஸ் (காலாலும் கோலாலும் தடவி உணரும் புடைப்புள்ள தரைக்கல்) பதிப்பதுதான். பணம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை உண்டு. படியின் விளிம்பு கண்ணில் படுகிறதா என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம். அதனால் முதலில் பெயின்ட், அடுத்து படிக்கு முன்னால் எச்சரிக்கை டைல், கடைசியில் வழிகாட்டும் கைப்பிடியோ கோடோ என்று போவதே சரி.

படிக்குச் சாதாரண எனாமலா, ரோட்டில் கோடு போடும் பெயின்ட்டா? எனாமல் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பளபளப்பில் வெயில் பட்டால் கண் கூசும், மழையில் நனைந்தால் வழுக்கும். ரோடு பெயின்ட்டில் பளபளப்பு குறைவு. ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலை மெல்லத் தூவினால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் விளிம்பை ஒட்டி 50 மி.மீ. பட்டை, மேற்பக்கமும் முன்பக்கமும். படி முழுவதையும் மஞ்சளாக அடித்துவிட்டால் மேலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு எல்லாப் படியும் ஒரே சரிவாகத் தெரியும். ஒன்றுமே அடிக்காததைவிட அது ஆபத்து. சிமென்ட் தரையிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் மஞ்சள் எடுப்பாக இருக்கும். வெளிர் க்ரீம் டைல்ஸில் மங்கிவிடும். அங்கே கருநீலம் அடியுங்கள். சந்தேகம் இருந்தால் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். பட்டை தரையோடு கலந்து தெரிந்தால் நிறம் தப்பு.

டேக்டைல் டைல் முதன்முதலில் 1967-ல் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே சாலையைக் கடக்கும் இடத்தில் பதிக்கப்பட்டது. ‘இங்கே நில், கவனி’ என்பதுதான் அது சொன்ன முதல் சேதி. பள்ளியிலும் அதன் முதல் இடம் மாடிப்படிதான். புள்ளி என்றால் நில், நீளக்கோடு என்றால் நட. ஒரே பெட்டியில் வந்ததென்று வராண்டா முழுக்கப் புள்ளி டைலையே பதித்துவிடுகிறார்கள். பிறகு படி வரும் இடத்தில் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் மிச்சமிருப்பதில்லை.

பதிக்கும் டைலுக்கும் ஒட்டும் ஷீட்டுக்கும் ஸ்டீல் குமிழுக்கும்தான் இங்கே போட்டி. ஒட்டும் ஷீட் அரை நாளில் முடியும் வேலை. ஆனால் சாரல் அடிக்கும் வராண்டாவில் தரையின் ஈரம் பசையைக் கிளப்பிவிடும், மூலை சுருளும், வெள்ளைக் கோலின் நுனி அதில் மாட்டும். தரையில் துளை போட்டு ஒவ்வொன்றாகப் பொருத்தும் ஸ்டீல் குமிழ் கிரானைட் தரைக்குப் பொருந்தும். துளையில் தூசி இருந்தால் எப்பாக்சி பசை பிடிக்காமல் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். சாம்பல் தரையில் அதன் நிறமும் எடுபடாது. வெயில் விழும் இடத்தில் வெறுங்காலோடு வரும் பிள்ளைக்குச் சுடும்.

பதிக்கும் டைலே நிலைக்கும், தரையைக் கொத்திப் பதித்தால்! இருக்கிற தரைமேல் அப்படியே வைத்தால் டைலின் கனமும் கலவையும் சேர்ந்து ஒரு புதுத் தடுக்கலாகிவிடும். அடித்தளம் தரையோடு மட்டமாக இருந்து, புள்ளி மட்டும் 5 மி.மீ. மேலே நிற்க வேண்டும். முதல் படிக்கு 300 மி.மீ. முன்னால் நிறுத்தி, இரண்டு வரிசை பதியுங்கள்; ஒரே வரிசையை ஓடிவரும் கால் ஒரு எட்டில் தாண்டிவிடும். 1.5 மீட்டர் அகலப் படிக்கு 300 மி.மீ. டைல் மேலே 10, கீழே 10. உடைவதற்கு இரண்டு சேர்த்து வாங்குங்கள்.

வராண்டாவில் வழிகாட்ட, தரைக்கோட்டைவிடச் சுவரோரக் கைப்பிடி மேல். 40 மி.மீ. குழாய், சுவரிலிருந்து 50 மி.மீ. இடைவெளி, முனை சுவர்ப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். தரைக்கோட்டின் கதி கம்ப்யூட்டர் அறை வாசலில் தெரியும்: நாற்பது ஜோடிச் செருப்பு அதன் மேல்தான் கிடக்கும். அதே வராண்டாவில் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவுகளையும் பாருங்கள். கோல் தரையைத்தான் தடவும். முகத்துக்கு நேரே நிற்கும் கதவை அது சொல்லாது. கதவைச் சுவரோடு மடக்கிக் கொக்கி போடுவது சில்லறைச் செலவு.

மணல் மைதானத்தைக் கடந்து கழிவறைக்குப் போகும் பாதையில் டைல்ஸ் வேண்டாம், 5 மி.மீ. உயரமே உள்ள புடைப்புக் கோடு மணலில் மூடிப்போகும். பாதையின் ஒரு ஓரமாகச் செங்கலை நிறுத்திவைத்துப் பூசி 75 முதல் 100 மி.மீ. உயர விளிம்பு கட்டினால் கோல் அதை ஒட்டியே போகும்.

அறையின் பெயரைச் சொல்லும் பிரெயில் (விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) பலகையில் ஸ்டிக்கரைத் தவிருங்கள், நகம் பட்டே உரிந்துவிடும். உலோகத் தகடோ, புள்ளி பதித்த அக்ரிலிக்கோ நல்லது. கதவின் மேல் மாட்டாமல், தாழ்ப்பாள் பக்கச் சுவரில் மாட்டுங்கள். படித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைமேல் கதவு மோதக்கூடாது. பலகை பெரிதென்று பிரெயிலையும் பெரிதாக்கித் தருவார்கள். பிரெயில் எழுத்தின் அளவு மாறக்கூடாது. விரல் நுனிக்குள் அடங்காத எழுத்தை விரல் படிக்காது. பிரெயில் தெரிந்த மாணவர் ஒருவரிடம் தகட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் சுவரில் துளை போடுங்கள்.