கரைக்கு மணல்: வாஷிங்டன் பணமா, விடுதி வரியா?

ஃபுளோரிடாவின் பினெல்லஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கடல் அரித்த கரைக்கு மணல் கொட்ட இரண்டு வழிகள். மத்திய அரசின் நிதி செலவில் பெரும்பங்கை ஏற்கும். ஆனால், கரையோர வீட்டுக்காரர்கள் தங்கள் நிலத்தில் நிரந்தர அனுபவ உரிமை, அதாவது அந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை, எழுதித்தர வேண்டும் என்றது இந்தப் பணிகளை நடத்தும் மத்திய அமைப்பான ராணுவப் பொறியாளர் படை. பலர் மறுத்தார்கள், அங்குள்ள சாண்ட் கீ என்ற தீவின் கரைப் பணி முடங்கியது.

மற்றொன்று, விடுதி வாடகைமீது வாங்கும் 6 சதவீதச் சுற்றுலா வரி. 2024-இல் ஹெலீன், மில்டன் புயல்கள் கரையைச் சிதைத்தபின் கவுண்டி எடுத்தது இந்தப் பணத்தைத்தான். வீட்டுக்காரர்களின் தற்காலிக அனுமதியே போதுமானதாயிற்று. மணலை நம்பிப் பிழைக்கும் தொழில் மணலுக்குக் கொடுப்பதே நியாயம் என்பேன். என் கவலை ஒன்றுதான்: புயலடித்து விடுதிகள் மூடிக்கிடக்கும்போது, பணம் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே வரியும் குறைந்துபோகும்.