காய்ச்சல் தொடங்கிய தெருவுக்கு எந்தப் பணம் வந்து சேரும்?

ஐப்பசி மழை விட்ட மறுவாரம், பெரம்பூரில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் காய்ச்சல். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் ஒருவர் வந்து வீடு வீடாக விசாரித்துக் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் கொசு ஒழிப்புப் பணியாளர் மொட்டைமாடித் தொட்டிகளை எல்லாம் திறந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். மூவரிடமும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது: செவிலியரின் சம்பளம் மத்திய அரசின் திட்ட நிதியில், கொசு ஒழிப்பவர் ஒப்பந்தக் கூலியில், ஆய்வாளர் மட்டும் நிரந்தர ஊழியர். ஒரே தெரு, ஒரே காய்ச்சல், மூன்று கணக்குகள்.

அன்றிலிருந்து, பொது சுகாதாரத்துக்கான பணம் எந்த வழியில் வந்தால் நல்லது என்று யாராவது விவாதித்தால், நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். அக்டோபரில் எங்கள் தெருவில் காய்ச்சல் தொடங்கினால், அந்தப் பணம் அங்கே ஒரு ஆளை அனுப்புமா?

முதலில் எல்லோருக்கும் தெரிந்த காப்பீட்டை எடுத்துக்கொள்கிறேன். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நகையை அடகு வைக்காமல் இதய அறுவைச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வருவது இதில் இன்னொரு நன்மை. ஆனால் என் கேள்விக்கு இதனிடம் விடை இல்லை. நோய் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகே இந்தப் பணம் அசையும். தொட்டிக்கு மூடி போட்டதற்கு எந்தக் காப்பீடும் பணம் தராது.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இரண்டையும் தனித்தனித் திட்டங்களாகப் பார்ப்பதே தவறு என்பது என் எண்ணம். இருபது ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சர்க்கரைதான் பலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பாக முடிகிறது. டயாலிசிஸ் செலவோ காப்பீட்டுக் கணக்கில் ஏறுகிறது. மாத்திரையில் மிச்சம் பிடித்தால் மருத்துவமனையில் பல மடங்காகக் கட்ட வேண்டியிருக்கும்.

சென்னைக்கு இது புதுப் பாடமும் இல்லை. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், சேத்துப்பட்டில் இன்றும் தேசிய ஆய்வு நிறுவனமாக இயங்கி வருகிறது. அங்கு நடந்த முதல் ஆய்வு ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொண்டது. நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்து ஊட்டமான உணவும் ஓய்வும் கொடுப்பதா, நெருக்கடியான வீட்டிலேயே இருக்கச் சொல்லி மாத்திரை கொடுப்பதா? 1959-இல் வெளியான முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். உலகின் காசநோய் சிகிச்சை முறையையே மாற்றிய முடிவு அது. கட்டிலுக்குச் செலவிடுவதா, வீடு தேடிப் போகும் ஆளுக்குச் செலவிடுவதா என்ற கேள்விக்கு இந்த ஊரே ஒருமுறை விடை கண்டு சொல்லியிருக்கிறது.

சரி, வீடு தேடிப் போகும் ஆளுக்கு யார் சம்பளம் தருவது?

மத்திய அரசின் சுகாதாரத் திட்டமான தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நிதி ஒரு வழி. 2005-இல் கிராமங்களுக்காகத் தொடங்கி, 2013-இல் நகரங்களுக்கும் விரிந்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவை மத்திய அரசும் மாநிலமும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. தடுப்பூசி, காசநோய், தாய்சேய் நலம் என்று தேசம் முழுவதும் ஒரே தரத்தில் நடக்க வேண்டியவற்றுக்கு இது பொருத்தமான வழி. ஆனால் திட்டம் எழுதி, டெல்லியின் ஒப்புதலுக்குக் காத்திருந்து, தவணையாகப் பெற்று, செலவழித்ததற்குச் சான்றிதழ் அனுப்பி அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டும். இடையில் அரசியல் புகுந்தால் கதை வேறு. பஞ்சாபில் சுகாதார மையங்களுக்கு ஆம் ஆத்மி கிளினிக் என்று பெயர் வைத்த தகராறில் இந்த நிதியே நிறுத்தி வைக்கப்பட்டது. பெயர்ப்பலகைக்காக ஊசி நிற்கக்கூடிய ஏற்பாட்டில் நிரந்தரப் பணியிடம் எப்படி உருவாகும்? அதனால்தான் எங்கள் தெருவுக்கு வந்த செவிலியர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்.

மத்திய அரசின் வரிப்பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் மானியம் இன்னொரு வழி. 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. ஆரம்ப சுகாதாரத்துக்கான பணத்தை உள்ளாட்சியின் பெயரிலேயே எழுதியதை நான் மனதார வரவேற்கிறேன். தமிழ்நாட்டில் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் இந்த வழியில்தான் வந்தன. 2023 ஜூனில் ஒரே நாளில் 500 மையங்கள் திறக்கப்பட்டன. காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும் அந்த மையங்கள், வேலை முடிந்து திரும்பும் கூலித் தொழிலாளிக்கு உண்மையாகவே உதவுகின்றன. அரைநாள் கூலியை இழக்காமல் மருத்துவரைப் பார்க்க முடிகிறது. இந்த மானியத்தின் குறை அதன் காலவரம்பிலேயே இருக்கிறது. ஐந்து ஆண்டு மானியம் ஐந்து ஆண்டுதான். கட்டடத்துக்கும் கருவிக்கும் அது ஏற்ற பணம். ஒரு மருத்துவரின் வேலையை அதில் கட்டிவைக்கக் கூடாது.

மிஞ்சுவது சொந்தப் பணம்: மாநிலக் கருவூலமும் மாநகராட்சியின் சொத்துவரியும். 1939-இலேயே பொது சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. உள்ளாட்சிகள் தம் வருவாயில் ஒரு பங்கைப் பொது சுகாதாரத்துக்கென ஒதுக்கிவைக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. எண்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்தத் தெளிவு இன்று நமக்கு இருக்கிறதா என்பதே என் கவலை.

என் கேள்விக்கு நேராக விடை சொல்வது இந்தப் பணம்தான். தெருவில் காய்ச்சல் என்றால் டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை. மாமன்ற உறுப்பினரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்கலாம். அதற்காக இதன் குறைகளை மறைக்கவும் மாட்டேன். 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பொறுப்பு விரிந்த வேகத்தில் வருவாய் விரியவில்லை. சொத்துவரியைச் சீரமைக்க 2022 வரை ஆனது, அப்போது எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்தின் கையில் இருப்பதால், வயிற்றுப்போக்குக்குக் காரணம் உடைந்த குழாய் என்று சுகாதார அதிகாரி கண்டுபிடித்தாலும், அதைச் சரிசெய்யும் பணம் அவரிடம் இல்லை. இருந்தும், இருப்பவற்றுள் ஆண்டுதோறும் தொடர்ந்து வரும் பணம் இது.

ஆகவே, நான்கும் வேண்டும். ஆனால் எந்தப் பணம் எதற்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெரிய சிகிச்சைக்குக் காப்பீடு, தேசியத் திட்டங்களுக்கு மத்திய நிதி, கட்டடத்துக்கு மானியம். தெருவுக்கு வரும் செவிலியரும் கொசு ஒழிப்பவரும் மாநிலமும் மாநகராட்சியும் சேர்ந்து தரும் நிரந்தரச் சம்பளத்தில் இருக்க வேண்டும். இப்போது நடப்பது நேர்மாறு: மிக அவசியமான ஆட்கள் மிக நிலையற்ற பணத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வார்டு உறுப்பினரிடம் மனு ஒன்று கொடுத்திருக்கிறோம். மாநகராட்சி நிதிநிலை அறிக்கையில் களப்பணியாளர் சம்பளத்தைத் தனி இனமாகக் காட்ட வேண்டும், எங்கள் வார்டில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம் என்று சுகாதார நிலைய வாசலில் எழுதி ஒட்ட வேண்டும் என்பதே கோரிக்கை. அந்தச் செவிலியரின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் கிழவர் மாத்திரையைச் சாப்பிடாமல் ஒளித்து வைப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.