ஊட்டியை எதைக் கொண்டு அளப்பது? வண்டி, பச்சை, சரிவு, தண்ணீர்

நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியில், முன்கூட்டியே இணையத்தில் எடுத்த நுழைவுச் சீட்டான இ-பாஸைக் காட்டிவிட்டு மலையேறும் ஒவ்வொரு வண்டியும் அன்றைய கணக்கில் ஓர் எண். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த ஏற்பாடு நடக்கிறது. அடுத்த கோடையில் உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதற்கு முன்பு நீலகிரிக்குள் சீசன் நாளில் சுமார் 20,000 வண்டிகள் வந்துகொண்டிருந்ததாக அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்திருந்தது.

மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூரிடமும் போயிருக்கிறது. அவர்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு மலை நகரம் நன்றாக இருக்கிறதா, கெட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை எதைப் பார்த்துச் சொல்வது? இன்றைக்குப் புழக்கத்தில் இருப்பவை நாலு அளவுகோல்கள். நான் குன்னூர்ப் பக்கம் குடியிருப்பவன். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

வண்டிக் கணக்கு

இதன் பெரிய பலம், தினமும் கிடைக்கிறது என்பது. யாரும் போய் அளக்க வேண்டாம், பதிவு செய்யும்போதே கணக்கு ஏறிவிடும். அளவு மீறினால் அன்றைக்கே கதவைச் சாத்தலாம். மற்ற மூன்றுக்கும் இந்த வசதி கிடையாது. மே மாத ஞாயிற்றுக்கிழமை ஊட்டி சேரிங் கிராஸைத் தாண்ட பஸ்ஸுக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டால், இதைவிட வேறு அளவுகோல் எதற்கு என்பார்கள்.

ஆனால் இது அளப்பது சாலையை. காலையில் வந்து ரோஜாப் பூங்காவைப் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிடும் காரும், மூன்று நாள் ரிசார்ட்டில் தங்கிக் குளியல் தொட்டியை நிரப்பும் காரும் இதில் ஒன்றுதான். அரசுப் பேருந்தில் வருகிறவர்கள் கணக்கிலேயே இல்லை. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தால் 8,000 வண்டிக்கு 32,000 பேர். ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 88,430தான். அந்த 32,000 பேரில் எத்தனை பேர் ராத்திரி தங்கினார்கள் என்பதுதான் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் முக்கியம். உச்சவரம்பு அதைப் பார்ப்பதில்லை.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய கோபத்தில் வியாபாரக் கவலைதான் அதிகம். ஆனாலும் ‘ஏன் 6,000? ஏன் 7,000 இல்லை?’ என்று கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆய்வு முடியும்வரைக்குமான இடைக்கால எண் அது.

பச்சைக் கணக்கு

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மலைகளுக்கென்று இருப்பது 15.4. அதற்குள் 15.4.2 என்ற எண்ணில் ஒரு குறியீடு: மலைப் பரப்பில் எவ்வளவு பங்கு பச்சையாக இருக்கிறது? செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்க்கிறார்கள். காடு, புதர், புல்வெளி, பயிர் நிலம், சதுப்பு எல்லாமே பச்சை. கட்டடமும் வெறும் தரையும் பச்சை இல்லை. ஆண்டிஸ் மலையையும் இமயத்தையும் ஒரே முறையில் ஒப்பிட இது கைகொடுக்கும்.

நீலகிரியை இதில் நிறுத்தினால் முதல் வகுப்பில் தேறிவிடும். இந்திய வன அளவைத் துறையின் கணக்கிலும் அப்படித்தான், மாவட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் காடு. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் மரத்தின் கிளையும் இலையும் மூடும் பரப்பு, இருந்தால் அது காடு. என்ன மரம், யார் வைத்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

எனக்குச் சண்டையே இங்கேதான். சமவெளியிலிருந்து வருகிறவர் கார் ஜன்னலைத் திறந்து ‘அப்பா, என்ன பச்சை!’ என்கிறாரே, அந்தப் பச்சையில் பெரும்பகுதி வந்தேறி. கற்பூர மரம் என்று இங்கே சொல்கிற யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நாங்கள் சீகை மரம் என்று சொல்கிற வாட்டிலும் அங்கிருந்துதான். பைன் இன்னொரு பக்கமிருந்து. தேயிலையைச் சொல்லவே வேண்டாம். இந்த மலையின் சொந்த உடுப்பு சோலையும் புல்வெளியும். மடிப்புகளில் ஈரம் கட்டிக் கிடக்கும் குட்டை மரக்காடு, மேட்டிலெல்லாம் புல். வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் அந்தப் புல்வெளியை ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று நினைத்து மரம் வைத்தார்கள். தோல் பதனிடச் சீகை, விறகுக்கும் ரேயான் கூழுக்கும் கற்பூர மரம்.

பழனி மலையில் 1970களிலிருந்து நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை அடுக்கிவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. தோட்ட மரங்களும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தன. இதே நாற்பது ஆண்டை 15.4.2 வழியாகப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. புல்லும் பச்சை, சீகையும் பச்சை, கேரட் தோட்டமும் பச்சை. வன அளவைக் கணக்கிலோ, புல் போய் மரம் வந்ததற்கு மதிப்பெண் கூடவே கிடைத்திருக்கும்.

பச்சை மாறினால் என்ன, பச்சைதானே என்று கேட்பவர்களுக்குக் கிளென்மார்கனில் பதில் இருக்கிறது. ஊட்டியிலுள்ள மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அங்கே அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றை இயற்கையாக விட்டது, மற்றதில் பெரும்பகுதியில் 1972-ல் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் கற்பூர மரப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் கூடக் கூடத் தண்ணீர் பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

குறை ஐ.நா.காரர்களுக்கும் தெரியாமலில்லை. பின்னால் சீரழிந்த மலைநிலத்தின் பங்கு என்று ஒரு துணைக் கணக்கைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் இது நாட்டுக்கான அளவுகோல். ஒரு நகராட்சி ஆணையர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கோப்பில் என்ன எழுதுவார் என்று எனக்குப் புரியவில்லை.

இடையில் ஒன்று. பச்சையில் பார்க்கத்தக்கதாக ஒன்று உண்டென்றால் அது கல்பாசி. ஆமாம், பிரியாணி மசாலாவில் போடுகிற அதே வகைதான். மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் இதற்கு வேர் கிடையாது, காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான் சாப்பாடு. காற்றில் இருப்பது அதன் உடம்பில் சேரும். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையைச் சுற்றிப் பாதரசம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஆய்வாளர்கள் பார்த்தது இந்த மரப்பாசிகளில்தான்.

சரிவு

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் மண்சரிந்து நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாளில் 80 செ.மீ.க்கும் மேல். மழைக்காலம் வந்தால் மாவட்ட நிர்வாகம் 283 அபாய இடங்கள் என்று ஒரு பட்டியலை எடுக்கும். தாசில்தார்களும் தீயணைப்புத் துறையினரும் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு சுற்றுவார்கள்.

மலைநகரக் கட்டட விதிகள் 1993-லேயே வந்துவிட்டன. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அதிலுள்ள 7 மீட்டர் உயர வரம்பு. ஆனால் அது தரைக்கு மேலே பார்க்கிறது. ஆபத்து இருப்பது வீட்டுக்குப் பின்னால். சரிவில் சமதளம் வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும். வீடு ஏழு மீட்டருக்குள் அடக்கமாக நிற்கும், அதன் முதுகுப்புறம் செம்மண் சுவர் பதினைந்து அடிக்குச் செங்குத்தாக நிற்கும், மேலே கற்பூர மரத்தின் வேர்கள் காற்றில் தொங்கும்.

மலையில் இடம் பார்க்க வருகிற நண்பர்களுக்கு நான் காட்டுவது தடுப்புச் சுவரில் வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் குழாய்களை. சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியே வர வைத்தவை அவை. நல்ல மழையன்று போய்ப் பாருங்கள். தெளிவாக ஒழுகினால் சுவர் வேலை செய்கிறது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது. மழை கொட்டும்போது சொட்டுக்கூட வரவில்லையென்றால் அதுதான் மோசம். தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. புரோக்கர் இதையெல்லாம் காட்டமாட்டார், ‘வியூ’வைக் காட்டுவார்.

விண்ணிலிருந்தும் சரிவை அளக்கலாம். உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் புதைந்தபோது, 2022 டிசம்பர் 27-க்கும் 2023 ஜனவரி 8-க்கும் இடையே, பன்னிரண்டே நாளில் 5.4 செ.மீ. இறங்கியிருக்கிறது என்று இஸ்ரோவின் படங்கள் காட்டின. வெளியான ஓரிரு நாளில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஊர் பழைய மண்சரிவுக் குவியலின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டடம் வேண்டாம் என்று மிஸ்ரா குழு சொன்னது 1976-ல். அளவுகோல் அப்போதே இருந்தது.

வீடு எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதற்குச் சரிவைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஆனால் ஊர் போன வருஷத்தைவிட இந்த வருஷம் எப்படி என்று கேட்டால் அது பேசாது. பத்து வருஷம் சும்மா இருக்கும், ஒரு ராத்திரியில் பேசிவிடும்.

தண்ணீர்

ஊட்டி நகரத்துக்குப் பெரும்பகுதித் தண்ணீர் பார்சன்ஸ் வேலியிலிருந்து வருகிறது. மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா அணைகளும் உண்டு. குன்னூருக்கு ரேலியா அணை. ஊர் இங்கே குடிக்கிறது. கழிப்பதைக் கோடப்பமந்து கால்வாயில் பார்க்கலாம். நகரின் நடுவே வந்து அது சேர்வது, 1820களில் கலெக்டர் சல்லிவன் வெட்டிய ஏரியில். படகில் உல்லாசமாகப் போகிறவர்கள் எந்த நீரின் மேல் போகிறோம் என்று யோசிப்பதில்லை. ஏரியிலிருந்து வழிவது காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. அங்கிருந்து கீழே இன்னும் யார் யாருக்கோ.

ஆகவே என் யோசனை எளிது. நகரம் குடிக்கிற இடத்தில் ஒரு பாட்டில், வெளியேற்றுகிற இடத்தில் ஒரு பாட்டில். குளிக்கத் தக்க நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு இருக்கிறது: பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைக் கிருமிகள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள், மலக்கிருமிகள் 100 மி.லி.க்கு அதிகபட்சம் 2,500. இரண்டு பாட்டிலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அந்த நகரம் மலைக்குச் செய்தது. வண்டிக் கணக்கு சொல்லாமல் விட்ட இரவுத் தங்கலும் உரிமம் இல்லாத காட்டேஜும் உடைந்த கழிவுத்தொட்டியும் இதில் வந்து விழும், எந்தப் படிவத்தையும் நிரப்பாமலே.

இன்னொன்று அளவு. அணை மட்டத்தைப் பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு, மதகைத் திறந்தாலும் மூடினாலும் அது மாறும். பார்க்க வேண்டியது ஊற்றுகளையும் சிற்றோடைகளையும், அதுவும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மழை நின்ற பிறகு வருவதெல்லாம் மலை சேர்த்து வைத்தது. சதுப்பை மூடிக் கட்டினாலும், புல்வெளியில் சீகை ஏறினாலும், ஆளாளுக்கு ஆழ்துளை போட்டாலும் அது இங்கே தெரியும். சிக்கிமில் 2008-ல் தாரா விகாஸ் என்று திட்டம் போட்டுச் செய்தது இதைத்தான். ஊற்றுக்கு ஊற்று நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து, மேலே எந்தச் சரிவிலிருந்து அதற்கு நீர் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, அங்கே குழி வெட்டி மழைநீரை இறக்கினார்கள். அளக்காமல் விட்டால் சிம்லா மாதிரி ஆகும். 2018 மே மாதம் அங்கே குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் வரவில்லை, தயவுசெய்து வராதீர்கள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் உள்ளூர்க்காரர்களே கேட்டுக்கொண்டார்கள்.

இதற்கும் குறை உண்டு. ஒரு வருஷ அளவு ஒன்றும் சொல்லாது, வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் எந்த ஊற்றும் மெலியும். பக்கத்திலேயே மழைமானி வைத்து ஏழெட்டு வருஷமாவது எழுதிவர வேண்டும். இ-பாஸ் போல நாளைக்கே முடிவெடுக்க உதவாது.

ஒரு நகராட்சிக்கு ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் தண்ணீரை அளக்கச் சொல்வேன். கட்டட அனுமதிக் கோப்பில் சரிவும் வெட்டின் உயரமும் கட்டாயம் இருக்க வேண்டும், அதற்குச் செலவு ஓர் அளவு நாடாதான். வண்டிக் கணக்கை அளவுகோலாக வைக்காமல் குழாயின் திருகாக வைத்துக்கொள்ளலாம், தண்ணீர்க் கணக்கைப் பார்த்துத் திருகுவதற்கு. பச்சையை ஐ.நா.வே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஓர் ஊற்று. யாரோ எப்போதோ செருகிய மூங்கில் குழாய்க்குப் பதில் இப்போது பிவிசி. பக்கத்து வீட்டு அக்கா போனில் பாட்டு வைத்துக்கொண்டு குடம் பிடிப்பார். இந்த ஏப்ரலில் நான் போனபோது குடத்தில் முக்கால்தான் நிரம்பியிருந்தது, பாட்டு முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, நாலு வருஷம் முந்தி இதே மாசம், ரெண்டாவது சரணம் வர்றதுக்குள்ள குடத்தை இடுப்புல வெச்சிருவேன்” என்றார். நான் வீட்டுக்கு வந்து தேதி போட்டு எழுதி வைத்தேன்.